பத்து கிராம் தோல், இருபது மில்லி தண்ணீர்

ஓரிடத்தில் உட்காரத் தெரியாத உடம்பு இது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் நான்கு வருடம் தைத்தேன். அப்புறம் தோல் பதனிடும் ஒரு டேனரியின் கெமிக்கல் ரூமில் பதினோரு வருடம். அவ்வளவு நாள் ஒரே கதவைத் திறந்து மூடியதில் எனக்கே ஆச்சரியம். இப்போது வேலூருக்கு வெளியே ஒரு கல்லூரியின் ஆராய்ச்சி லேபில் உதவியாளர். போக இரண்டு பஸ். முதல் பஸ்ஸில் தோல் வாசனை ஏறும், இரண்டாவதில் பூக்கூடைகள் ஏறும், லேப் வாசலில் ஸ்பிரிட் ஏறும். மூன்றையும் தலைமுடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தால் மகள், "எந்த ஊருக்குமா போய்ட்டு வர்ற?" என்பாள். எந்த ஊர் என்று எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

லேபில் எனக்குப் பிடித்த பொருள் ஒரு குப்பி. பாதிச் சுண்டுவிரல் உயரம், ரப்பர் மூடி, மூடியைச் சுற்றி ஓர் அலுமினிய வளையம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் வாயில் வரும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அடியில் ஒரு வெள்ளைப் படலம் தெரியும். இட்லித் துணியில் ஒட்டிய மாவு காய்ந்தால் இருக்குமே, அதிலும் கம்மி. அதுதான் பெப்டைடு, புரதத்தின் ஒரு சின்னத் துண்டு. அதை உறையவைத்து, உறைந்தபடியே ஈரத்தை உறிஞ்சி எடுத்து, தூளாக்கி அனுப்புகிறார்கள். தண்ணீர் விட்டால், வேலையை எங்கே விட்டதோ அங்கிருந்து தொடரும்.

எவ்வளவு தண்ணீர் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரசத்தில் தண்ணீர் கூடிவிட்டால் இன்னும் கொஞ்சம் கொதிக்கவிட்டு வற்றவைக்கலாம். இதைக் கொதிக்கவிட்டால் பெப்டைடு போயே போய்விடும். ஊற்றியது ஊற்றியதுதான். அதனால் ஊற்றுவதற்கு முன்னால் ஒரு தாள், ஒரு பென்சில், ஒரு டீ.

நான் சொல்லப் போகிற குப்பி ஒரு பள்ளிக்கூட ஆசிரியருடையது. மேல்விஷாரத்துக்காரர், ஏறக்குறைய என் வயது. பகுதி நேரமாக பிஎச்.டி. செய்கிறார். எத்தனை வருடமாக என்று கேட்டால் மின்விசிறியைப் பார்த்து, "இந்த வருஷம் வெயிலு ஜாஸ்தில்ல மேடம்?" என்பார். அவர் வீட்டில் பச்சைத்தோல் வியாபாரம். ஆட்டுத்தோலை உரித்த கையோடு உப்புப் போட்டு அடுக்கினால்தான் டேனரிக்குப் போகும்வரை அழுகாமல் நிற்கும். அந்த உப்பெல்லாம் அப்புறம் கழுவித் தள்ளின தண்ணீரோடு எங்கே போகிறது என்பதைப் பாலாற்றங்கரையில் கிணறு வைத்திருப்பவர்களைக் கேட்டால் ஒரு சொம்பு மொண்டு கொடுத்துக் காட்டுவார்கள். உப்பே இல்லாமல், தோலை அழுகவைக்கும் கிருமிகளை இந்தப் பெப்டைடு தடுத்து நிறுத்துமா? அதுதான் சாருடைய ஆராய்ச்சி.

தோல் மண்டியைப் பார்த்துக்கொள்ளும் அவருடைய அண்ணனுக்கு இந்த விஷயத்தில் ஒரே ஒரு கருத்து. அதை யார் கிடைத்தாலும் சொல்வார். "எங்க வூட்ல நாலு தலைமுறையா உப்பை வச்சி சோறு துன்னோம். தம்பி உப்பையே ஒழிக்கப் போறாராம்."

சாருக்குக் கொடுத்த நீட்டிப்பு எல்லாம் முடிந்துபோனது. மாதக் கடைசிக்குள் தீசிஸைக் கொடுக்காவிட்டால் பதிவே ரத்து. தீசிஸ் தட்டச்சு செய்து தயார். ஆனால் தோல் சோதனையை இரண்டு முறைதான் செய்திருக்கிறீர்கள், மூன்றாவது முறையும் அதே மாதிரி வந்தால்தான் கையெழுத்து என்று அவருடைய கைடு சொல்லிவிட்டார். கையில் இருந்தது ஒரே ஒரு குப்பி. இன்னொன்று வரவழைக்க இரண்டு மாதம் ஆகும்.

முதல் இரண்டு சோதனைகளையும் செய்தது நான். பரீட்சை நேரம், சாருக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு சீட்டு எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போனார். தோல் துண்டு மூன்று, ஒவ்வொன்றும் பத்து கிராம். ஒவ்வொன்றுக்கும் பெப்டைடு 0.01 சதவீதம், தண்ணீர் 20 மில்லி. ஆறு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, மூடிவைக்கவும். அவ்வளவுதான் சீட்டு. படித்ததும் புரிந்தது. என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு எதுவும் எழுதியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அப்படியே செய்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்ட துண்டுகள் இரண்டாம் நாளே நாறின. பெப்டைடில் ஊறியவை நாறாமல் கம்மென்று கிடந்தன. சார் பள்ளிக்கூடத்திலிருந்து சந்தோஷத்தில் போனில் கத்தின கத்தலில் அவருடைய பிள்ளைகள் பயந்திருப்பார்கள்.

மூன்றாவது முறைக்கு அவர் லீவு போட்டுவிட்டு நேரில் வந்தார். ஒன்பது மணிக்கு அண்ணன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். காலையில் அறுத்த ஆட்டின் தோல், ஈரச் சாக்கில் சுற்றி, கால் வைக்கும் இடத்தில். உரித்து இரண்டு மணி நேரத்துக்குள் ஊறப்போட வேண்டும். நான் தோலைக் கழுவி, வெட்டி, எடை போட்டுத் தட்டில் வைத்துவிட்டுக் குப்பியைக் கையில் எடுத்தேன். அண்ணன் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதுவா? இதுல இன்னா கீது?"

"அஞ்சு மில்லிகிராம், பாய்."

"கண்ணுக்கே தெர்லியே. இத நம்பியாடா ஏழு வருஷம் படிச்ச?"

சார் மின்விசிறியைப் பார்த்தார்.

குப்பியின் மேல் ஐந்து மில்லிகிராம் என்று இருக்கும். கூடவே வருகிற தாளில், பொடி எழுத்தில், அதில் பெப்டைடு எண்பது சதவீதம்தான், மீதி உப்பும் ஈரமும் என்று இருக்கும். அந்தப் பொடி எழுத்தைப் படிக்காமல் ஐந்து மில்லி தண்ணீர் ஊற்றினால் கரைசல் நாம் நினைத்ததைவிட நீர்த்துப்போகும். இதை அண்ணனுக்கு விளக்க வேண்டும் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் வாய்தான் சும்மா இருக்காது.

"பாய், உப்புத்தோலை எடை போடுறதுக்கு முன்னாடி இன்னா பண்ணுவீங்க?"

"உதறுவோம். உதறாம வாங்குனா தோலு காசுக்கு உப்பு வாங்கின கதைதான்."

"இதை உதற முடியாது. அதனால கணக்குல உதறுறோம். அஞ்சுல எண்பது சதவீதம் நாலு. நாலு மில்லிகிராமுக்கு நாலு மில்லி தண்ணி ஊத்துனா, ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம்."

"கணக்குல உதறுறதா!" அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "டேய், இத மண்டில வந்து சொல்லிடாத. அப்பறம் எவனும் கையால உதற மாட்டான்."

குப்பியை உள்ளங்கையில் வைத்திருந்தேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது எடுத்த குளிரோடு, திறக்கக் கூடாது; காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே ஓடிவிடும். அறையின் சூட்டுக்கு வரட்டும். அப்புறம் குப்பியை மேசையில் இரண்டு முறை தட்ட வேண்டும், ஓரத்தில் ஒட்டிய தூள் அடிக்கு இறங்க. அப்புறம் மூடி. கிருமி நீக்கிய தண்ணீர் நாலு மில்லி, பிப்பெட்டில், குப்பியின் சுவரோடு வழியவிட்டு. தூளின் தலையில் நேரே ஊற்றக் கூடாது, குலுக்கக் கூடாது, நுரைத்துவிடும். உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். பதினோரு வருடம் ஓர் அறை அளவு மர டிரம்முக்குள் ஆயிரம் தோல்கள் தடதடவென்று உருளும் சத்தத்தில் டிபன் சாப்பிட்டவள் நான். இந்தக் குப்பியை உருட்டும்போது மட்டும் மூச்சுவிடும் சத்தம்கூட எனக்கு ஜாஸ்தியாகத் தோன்றும். படலம் ஓர் ஓரத்திலிருந்து கரைந்தது. கொஞ்ச நேரம் கண்ணாடிக்குள் வெயில் கலங்கின மாதிரி ஒரு நெளிவு. பிறகு தெளிந்த தண்ணீர்.

"ரைட்," என்றார் சார். பரீட்சைத் தாள் ஒன்றின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். "துண்டுக்கு ரெண்டு மில்லி எடுங்க மேடம். கூட பதினெட்டு தண்ணி."

"ஒண்ணு சார். கூட பத்தொம்பது."

"ரெண்டு."

"போன ரெண்டு தடவையும் ஒண்ணுதான எடுத்தேன்."

"எப்டி ஒண்ணு வரும்? இருவது மில்லில பாயின்ட் ஜீரோ ஒன் பெர்சென்ட்டுன்னா ரெண்டு மில்லிகிராம்."

"பத்து கிராம் தோலுல பாயின்ட் ஜீரோ ஒன் பெர்சென்ட்டுன்னா ஒரு மில்லிகிராம்."

"தோலு எங்கேர்ந்து வந்துச்சி இதுல?"

"தோலு இல்லாம இந்த ஊர்ல எது சார் வந்துச்சி?"

அண்ணன் தொடையில் தட்டிச் சிரித்தார். "நல்லா கேட்டீங்கமா!"

சார் சிரிக்கவில்லை. தாளைப் பார்த்தபடியே சொன்னார். "துண்டுக்கு ரெண்டுன்னா மூணு துண்டுக்கு ஆறு. குப்பில நாலுதான் கீது. பத்தாதே. போன தடவை எப்டி பத்துச்சி?"

"பத்துறது இன்னா, மிச்சமே ஒரு மில்லி இருந்துச்சி. ரெண்டு தடவையும். தேதி போட்டு ஃப்ரீசர்ல வச்சிருக்கேன்."

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மிச்சம் பிடித்ததில் எனக்குள் இருந்த பெருமை அதோடு போனது.

டேனரியில் என் வேலை டிரம்முக்கு அட்டை எழுதுவது. அட்டையின் தலையில் தோலின் எடை. அதற்குக் கீழே வருவதெல்லாம் அந்த எடையில் இத்தனை சதவீதம். சுண்ணாம்பு பத்து என்றால் நூறு கிலோ தோலுக்குப் பத்து கிலோ. குரோம் எட்டு என்றால் எட்டு கிலோ. தண்ணீருக்கும் அதே சட்டம்தான். இருநூறு சதவீதம் தண்ணீர் என்றால் தோலின் எடையைப் போல இரண்டு பங்கு. வெளியிலிருந்து வருகிறவர்கள் நூற்றுக்கு மேலே சதவீதமா என்று சிரிப்பார்கள். எங்களுக்குத் தோல்தான் நூறு. தண்ணீர், மருந்தைத் தோலிடம் கொண்டுபோய் விடுகிற வண்டி. வண்டியை வைத்து யாரும் மருந்தை அளப்பதில்லை. சாருடைய சீட்டில் பத்து கிராம் தோல், இருபது மில்லி தண்ணீர் என்று பார்த்ததும் என் தலைக்குள் தானாகவே இருநூறு சதவீதம் என்று ஓடியது. அட, தோல் வியாபாரக் குடும்பம், நம்ம கணக்கிலேயே எழுதியிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். அவரோ பள்ளிக்கூடத்துக் கணக்கில் எழுதியிருந்தார். நூறு மில்லி கரைசலில் எத்தனை கிராம் என்பது அவருடைய சதவீதம். இருபது மில்லியில் ஒரு மில்லிகிராம் போட்டுவிட்டு, இரண்டு போட்டதாக அவரை நம்பவைத்திருக்கிறேன். இரண்டு தடவை.

தீசிஸில் எல்லா இடத்திலும் மில்லிக்கு 0.1 மில்லிகிராம் என்று இருந்தது. உண்மையில் தோல் ஊறியது 0.05இல். சரியாகப் பாதி.

"என் தப்பு சார்," என்றேன்.

"எதோட சதவீதம்னு நான் எழுதல," என்றார். அப்புறம், "நாலு வார்த்தை ஜாஸ்தி எழுதியிருந்தா இன்னா? சீட்டுல இடம் கூட இருந்துச்சி," என்றார்.

பிறகு அவருடைய பென்சில் மறுபடியும் அசைந்தது. எழுதினதை நான் பக்கவாட்டில் பார்த்தேன். நாலு, அதன் கீழே ஒன்று, அதன் கீழே இன்னொரு ஒன்று. கோடு. ஆறு.

குப்பியில் நாலு மில்லி. ஃப்ரீசரில் நான் மிச்சம் பிடித்து வைத்த இரண்டு. மூன்று துண்டுக்கும் துண்டுக்கு இரண்டு மில்லி, சொட்டுக்கூடக் குறையாமல் சரியாக வருகிறது. இன்றைக்கு 0.1இல் ஊறப்போட்டால் தீசிஸில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். மூன்றாவது சோதனை, சீட்டில் எழுதியபடியே. முதல் இரண்டைப் பற்றித் தெரிந்தது உலகத்திலேயே மூன்று பேருக்கு. அதில் ஒருவருக்கு அரைகுறையாக.

எனக்கு அந்த ஆறு பிடித்திருந்தது, ஒளிப்பானேன். என் தப்பு அதற்குள் அழகாக மறைந்துவிடும். என் வேலையும் நிலைக்கும், சாரும் மாதக் கடைசிக்குள் தீசிஸைக் கொடுத்துவிடுவார். ஃப்ரீசரைத் திறந்து அந்த இரண்டு குட்டிக் குழாய்களையும் எடுத்து மேசையில் வைத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை.

சார் அவற்றைப் பார்த்தார். "சரியா வருதுல்ல மேடம்," என்றார்.

"வருது சார்."

"ரொம்பச் சரியா வருது."

வெளியே காரிடாரில் யாரோ தண்ணீர் கேன் உருட்டிக்கொண்டு போனார்கள். அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னாடா ரெண்டு பேரும் எழவு வூட்டுக்காரங்க மாரி ஒக்காந்துனு கீறீங்க? தோலு உங்களுக்காகக் காத்துனு இருக்காது. உரிச்சி ஒண்ணரை மணி நேரம் ஆவுது."

"அண்ணே, ஒரு கஷ்டம்," என்று சார் அவரிடமே எல்லாவற்றையும் சொன்னார். பாதி அளவு, இரண்டு தடவை, தீசிஸில் வேறு எண். ஒரு பரீட்சைத் தாளில் தன் மார்க்கைத் தானே கூட்டிக் குறைக்கிற மாதிரி சொன்னார்.

அண்ணன் முகவாயைச் சொறிந்தார். "இரு இரு. நீ நெனச்சதுல பாதிதான் போட்டீங்க. அப்பவும் தோலு நின்னுச்சி. அப்டித்தான?"

"ஆமா."

"அப்ப பாதி போதும்னு எழுதேன். இதுல இன்னா பேஜாரு?"

"முப்பது எடத்துல நம்பர மாத்தணும்ணே. ரெண்டு படம் புதுசா வரையணும். கைடு கிட்ட போய் ஏன்னு சொல்லணும். ஆறு நாள்தான் கீது."

"அப்ப மாத்தாம வுட்டா?"

சார் குட்டிக் குழாய்களில் ஒன்றை எடுத்து என் கையெழுத்தில் இருந்த தேதியைப் படித்தார். பிறகு இரண்டையும் என் பக்கம் நகர்த்தினார். "இத உள்ள வச்சிடுங்க மேடம். நாளைக்கு என் தீசிஸப் படிச்சிட்டு எவனாவது செஞ்சி பாப்பான். நான் எழுதுன அளவுல செய்வான், நீங்க செஞ்சது அவனுக்கு எப்டித் தெரியும்?" ஸ்டூலைப் பின்னால் தள்ளினார். "துண்டுக்கு ஒண்ணு. போன தடவை எப்டிப் போட்டீங்களோ அப்டியே."

குழாய்களை ஃப்ரீசரில் வைக்கப் போன சாக்கில் கொஞ்ச நேரம் கதவைத் திறந்தபடியே நின்றேன். முகத்துக்கு நன்றாக இருந்தது.

திரும்பி வந்தபோது சார் என் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். டிரம் அட்டை எழுதிய கை. லேபிலும் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு துண்டின் எடை, ஊற்றிய தண்ணீர், எடுத்த மருந்து, எத்தனை மணிக்கு.

"மேடம், இது இன்னா பாயின்ட் நைன் எய்ட்?"

"அந்தத் துண்டு ஒம்போது பாயின்ட் எட்டு கிராம்தான் வந்துச்சி சார். அதனால மருந்தும் கம்மி பண்ணேன். தண்ணியும் பத்தொம்பது பாயின்ட் ஆறு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "தப்பைக்கூட இவ்ளோ கரெக்டா யாரும் செஞ்சி நான் பாத்ததில்ல." பிறகு அந்தப் பக்கங்களை எல்லாம் போனில் படமெடுத்துக்கொண்டார். துண்டுகளைக் கிண்ணங்களில் போட்டு, ஒரு மில்லியும் பத்தொன்பது மில்லியுமாக, அதது எடைக்குத் தக்கபடி ஊற்றி, மணி எழுதினேன். அண்ணன் எழுந்து, ஊறுகிற தோலின் மேல் குனிந்து, ஏதோ முணுமுணுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுக்கப் போனார். திட்டினாரா, துவா செய்தாரா, தெரியாது.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் சார் நேரே வந்தார். கையில் புதிதாகத் தட்டச்சு செய்த கட்டு. கைடு முதலில் கோபப்பட்டு, பிறகு நோட்டைப் பார்த்துவிட்டு, இந்தத் தடவையும் நின்றால் கையெழுத்துப் போடுகிறேன் என்றாராம். கடைசி அட்டவணையில் ஒரு வரிசை மட்டும் காலியாக இருந்தது. "இது நெரம்புச்சின்னா நாளைக்கே பைண்டிங்," என்றார். ஐந்து நிமிடத்தில் அண்ணனும் வந்தார். சும்மா இந்தப் பக்கம் ஒரு வேலை என்றார். என்ன வேலை என்று நாங்கள் கேட்கவில்லை.

தோல் கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க மண்டியிலும் டேனரியிலும் லேபிலும் வழி ஒன்றுதான். முடியைப் பிடித்து இழுப்பது. கெட்ட தோலில் முடி வேரோடு கழன்று வரும். பச்சைத் தண்ணீரில் ஊறிய துண்டுகளின் மூடியைத் திறந்ததுமே மூன்று பேரும் ஓரடி பின்னால் போனோம். இழுக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, கையுறையில் முடி தானாகவே ஒட்டிக்கொண்டு வந்தது.

பெப்டைடு துண்டு முதலாவது. இழுத்தேன். வரவில்லை. இரண்டாவது. வரவில்லை. மூன்றாவதின் நடுவில் வரவில்லை. ஓரத்தில், ஊறும்போது மடிந்து தண்ணீருக்கு வெளியே நின்ற மூலையில், கொஞ்சம் வந்தது.

சார் முகம் மாறியது. "எவ்ளோ?"

"கொஞ்சம்தான் சார்."

"கொஞ்சம்னா எதுல கொஞ்சம் மேடம்? எண்ணிச் சொல்லுங்க."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினேன். "பதினாலு."

"பதினாலா?" என்று அண்ணன் குறுக்கே வந்தார். "எனக்குக் குளிக்கும்போது அதவிட ஜாஸ்தி வருது. தள்ளுமா." கையுறைகூடப் போடாமல், மண்டிக்காரர் கை, மூன்றாவது துண்டின் நடுவில் ஒரு கொத்து முடியைப் பிடித்துச் சுண்டி இழுத்தார். முடி வரவில்லை. தட்டிலிருந்து தோல் கிளம்பி வந்தது. இன்னொரு முறை உதறினார். துண்டு அவருடைய இரண்டு விரலிலிருந்து, அந்த முடியிலேயே தொங்கி ஆடியது.

"மூணு நாளு," என்றார் அதைப் பார்த்துக்கொண்டே. "உப்பு இல்லாம."

"தட்டுல வைங்கண்ணே, தண்ணி சொட்டுது," என்று சொல்லிவிட்டு சார் காலியாக இருந்த வரிசையில் எழுதத் தொடங்கினார். மூன்றாவது துண்டு, தோல் 10.1 கிராம், தண்ணீர் 20.2 மில்லி, பெப்டைடு மில்லிக்கு 0.05 மில்லிகிராம், ஓரத்தில் கழன்ற முடி பதினாலு.